அண்மைநிலை: கணனி நினைவகத்திலே தரவும் அறிவுறுத்தலும்

சொற்றொடர் ஒன்று கேட்போனுக்குப் பொருள் விளக்குவதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மைநிலை என மூன்று வேண்டும் என்பர் இலக்கண உரையாசிரியர். அவற்றுள் இறுதியாகிய அண்மைநிலையாவது, பொருளால் இயைய வேண்டிய சொற்கள் இடையீடின்றி அடுத்து நிற்றல். காலையிலே ‘மாடு’ என்று கூறிய ஒருவன் மாலையிலே வந்து ‘கட்டப்பட்டது’ என்பானாயின், இரண்டும் குற்றமற்ற தமிழ்ச் சொற்களேயாயினும், கேட்டவன் அம்மனிதனுக்காக இரங்குவானேயன்றி மாட்டைப் பற்றி யாதும் அறியான். இதனை யான் மேல்வகுப்புக்களிலே ஆண்டுதோறும் சொல்லி வருகின்றேன். மாணவர் சிரிப்பர், பின்னர் பரீட்சையிலே மூன்றையும் ஒன்றோடொன்று மாற்றி எழுதுவர்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்த பழைய மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்திருந்தார். கடல் கடந்த நாடொன்றிலே, வங்கியொன்றின் பெருங்கணனிகளுக்குச் செய்நிரல் எழுதுவது அவர் தொழில். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், “சேர், நீங்கள் படிப்பித்த அண்மைநிலையைத்தான் அந்தக் காலத்து ஆட்கள் செய்நிரலிலும் கைக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கிட்டக் கிட்ட வைத்ததை எட்ட எட்டப் பிரித்து வைப்பதுதான் இப்போது என் வேலை” என்றார். யான் விளங்காது விழிப்பதைக் கண்டு, மேசைமீது கிடந்த தவணைப் பரீட்சை வினாத்தாள் ஒன்றின் பின்புறத்திலே பென்சிலாற் படம் வரையத் தொடங்கினார். இரண்டு மணி நேரம் அவர் ஆசிரியராகவும் யான் மாணவனாகவும் இருந்தோம்.

அன்று அவரிடம் கேட்டதையும், அதன்பின் யானே தேடிப் படித்தறிந்ததையும் சேர்த்து இம்மலருக்கு எழுதுகின்றேன். உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவருக்கு இது பாடத்தோடு ஒட்டிய பொருளாகும். கணனியை அறியாத பழைய மாணவரும் அஞ்சாது பின்தொடரலாம். யானும் அறியாதவனாயிருந்தே இவ்வழி வந்தேன்.

பெருங்கணனி என்பது ‘மெயின்பிரேம்’ என ஆங்கிலத்திலே வழங்குவது. வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் அரசாங்கக் கணக்குகளிலும் இடையறாது வேலை செய்யும் இயந்திரம் அது. அதற்குச் செய்நிரல் எழுத மொழிகள் பல உள. கோபோல் போன்ற மொழிகளிலே எழுதுவோன் ‘வட்டியைக் கணக்கிடுக’ என்னும் அளவிற் சொல்லிவிட்டால், எப்பொருளை நினைவகத்தின் எவ்விடத்தில் வைப்பது என்பதை மொழிபெயர்க்கும் நிரலே பார்த்துக்கொள்ளும். அசெம்பிளி மொழி அவ்வாறன்று. ஒரு வரிக்கு ஓர் அறிவுறுத்தல். இன்ன எண்ணை இன்ன இடத்திலிருந்து எடு, இன்னதனோடு கூட்டு, இன்ன இடத்தில் வை என்று ஒவ்வோர் அசைவையும் எழுதுதல் வேண்டும். இடம் வகுக்கும் பொறுப்பும் எழுதுவோனுடையதே. ஆகவே தரவை அறிவுறுத்தலுக்கு அருகில் வைப்பதா, தூரத்தில் வைப்பதா என்னும் வினா அசெம்பிளி மொழியாளரை நேரே வந்து சாரும்.

அறிவுறுத்தலும் தரவும் ஒரே நினைவகத்திலே கலந்து வாழ்வது கணனியின் தொடக்கந்தொட்டு வந்த வழக்கம். 1949 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள், மொரிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் கணனி தன் முதற் செய்நிரலை இயக்கிற்று. நூறு எண்களை வரிசையாகக் கூட்ட வேண்டுமாயின், அவ்வியந்திரத்திலே வேறு வழி இன்மையால், ‘இவ்விடத்து எண்ணைக் கூட்டு’ என்னும் அறிவுறுத்தலையே எடுத்து, அதனுள்ளிருக்கும் இடவெண்ணோடு ஒன்று சேர்த்து, மீண்டும் அவ்விடத்திலேயே எழுதி வைப்பர். செய்நிரல் தன்னைத் தானே திருத்திக்கொண்டு நடந்தது. இன்று கேட்பவர்க்கு அது விபரீதமாகத் தோன்றும். அன்று அது சிக்கனமான வழி மாத்திரமன்று, ஒரே வழியுமாகும்.

இனி, நமது பொருளுக்கு நேரே உரிய இயந்திரக் குடும்பத்தை நோக்குவாம். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1964 ஆம் ஆண்டு ஏப்பிரில் 7 ஆம் நாள் சிஸ்டம் 360 என்னும் கணனி வரிசையை அறிவித்தனர். சிறிய இயந்திரத்துக்கு எழுதிய செய்நிரல் பெரிய இயந்திரத்திலும் மாற்றமின்றி ஓடும் என்பது அவ்வரிசையின் பெருஞ்சிறப்பு. அதன் நினைவக முகவரி 24 இருமவிலக்கம் கொண்டது. அதாவது 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட பைட்டுக்களுள் எதனையும் சுட்டவல்லது. ஆனால் ஒவ்வோர் அறிவுறுத்தலிலும் முழு முகவரியையும் எழுதினால் செய்நிரல் ஊதிப் பருத்துவிடும். ஆகையால் வகுத்தோர் ஓர் உபாயம் கண்டனர்.

நம்மூரிலே ஒருவர் வீட்டுக்கு வழி கேட்டால், ‘வைரவர் கோயிலடியிலிருந்து நாலாம் படலை’ என்பார்களேயன்றி மாகாணம், மாவட்டம் என்று தொடங்குவாரில்லை. சிஸ்டம் 360 இன் உபாயமும் அதுவே. செயலியினுள்ளே பதிவகங்கள் எனப்படும் 16 சிறு பெட்டிகள் உள. அவற்றுள் ஒன்றிலே கோயிலடியின் முகவரியை வைத்துக்கொள்க. அறிவுறுத்தலிலே பதிவகத்தின் எண்ணையும், அங்கிருந்து எத்தனை பைட்டுத் தூரம் என்பதையும் மாத்திரம் எழுதுக. பதிவக எண்ணுக்கு 4 இருமவிலக்கம், தூரத்துக்கு 12. ஆக 16 இலே முகவரி அடங்கிற்று. பன்னிரண்டு இருமவிலக்கத்தால் 0 முதல் 4095 வரையுமே எண்ண முடியும். எனவே ஒரு கோயிலடியிலிருந்து 4096 பைட்டுக்குள் அடங்கியவற்றையே அப்பதிவகம் எட்டும். அதற்கப்பால் ஏதேனும் இருப்பின் இன்னொரு பதிவகத்தைச் செலவிட வேண்டும். பதினாறுள் 0, 1, 13, 14, 15 ஆகியவை செய்நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் மரபுக்கென ஒதுக்கப்பட்டவை. எஞ்சியவை கணக்குச் செய்யவே போதா.

இப்போது அக்காலத்து எழுத்தாளனின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். செய்நிரலின் தலைப்பிலே ஒரு பதிவகத்தை நாட்டிவிட்டான். அதிலிருந்து 4096 பைட்டுக்குள் அறிவுறுத்தல், மாறிலி, எண்ணி, அட்டவணை யாவும் அடங்கிவிட்டால் வேறு பதிவகம் வேண்டுவதில்லை. ஆகவே அறிவுறுத்தல்கள் முடிந்த அடுத்த பைட்டிலேயே தரவை அடுக்கினான். சிலபோது இரண்டு அறிவுறுத்தற் கூட்டங்களுக்கு நடுவிலேயே, தாண்டிச் செல்ல ஒரு கிளையை இட்டு, தரவைச் செருகினான். 1964 இல் அறிவிக்கப்பட்ட 30 ஆம் மாதிரியின் மிகச் சிறிய அமைப்பிலே நினைவகம் முழுவதுமே 8192 பைட்டு என்பதை நினைவிற் கொண்டால் இச்சிக்கனத்தை எவரும் பழியார்.

அச்சிக்கனத்தின் இரண்டு கைவேலைகளை மாத்திரம் எடுத்துக் கூறுவேன். பின்னர் நேரும் தீங்கை விளங்கிக்கொள்ள அவை உதவும்.

ஒன்று, தன்னைத் திருத்தும் கிளை. ‘முதன்முறை மாத்திரம் இதனைச் செய், மறுமுறை தாண்டிச் செல்’ என்று சொல்ல வேண்டின், தாண்டும் அறிவுறுத்தலை முதலில் வெறுமனே நிற்கும்படி எழுதி வைப்பர். அதன் இரண்டாம் பைட்டு 0 ஆயின் இயந்திரம் அதனைக் கடந்து அடுத்ததற்குச் செல்லும். அதே பைட்டு 240 ஆயின் கட்டாயம் தாண்டும். முதன்முறை கடந்தவுடன் ஒரே அறிவுறுத்தலால் அப்பைட்டை 240 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது. தனிக் குறியீடும் வேண்டா, அதனைச் சோதிக்கும் அறிவுறுத்தலும் வேண்டா. எட்சாக்கின் பழைய வழி இங்கே புது உருவில் வாழ்ந்தது.

மற்றொன்று, காப்பிடம். ஒரு செய்நிரல் இன்னொன்றை அழைக்கும்போது, அழைக்கப்பட்டது தன் வேலைக்குப் பதிவகங்களைப் பயன்படுத்துமாதலால், அவற்றின் பழைய உள்ளடக்கத்தை முதலிற் பத்திரப்படுத்த வேண்டும். எவ்விடத்தில்? அழைத்தவன் அதற்கென ஒதுக்கி வைத்த 72 பைட்டுக் காப்பிடத்திலே. அதன் முகவரி 13 ஆம் பதிவகத்தில் இருக்கும். கைதேர்ந்தோர் அக்காப்பிடத்தைச் செய்நிரலின் தலையிலேயே வைத்து, 13 ஆம் பதிவகத்தையே கோயிலடியாகவும் கொண்டனர். ஒரு பதிவகம் இரண்டு வேலை செய்தது. இதனை என் மாணவர் விளக்கியபோது, சிலேடையிலே ஒரு சொல் இரு பொருள் தருவதைக் கண்டு மகிழ்வதுபோல யான் மகிழ்ந்தேன்.

இவையெல்லாம் பதுக்கு நினைவகம் வருமுன் நடந்தவை. செயலியின் வேகம் ஏறிக்கொண்டே போக, நினைவகம் அதனோடு ஈடுகொடுக்க முடியாது பின்தங்கிற்று. முன்னர்க் கூறிய வில்க்ஸ் அவர்களே 1965 இல் ஒரு சிறு கட்டுரையிலே, பெரிய மெதுவான நினைவகத்தின் முன்னே சிறிய வேகமான நினைவகம் ஒன்றை வைத்து, அண்மையிற் பயன்பட்டவற்றின் பிரதியை அதிலே வைத்துக்கொள்ளலாம் எனக் காட்டினார். 1968 இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 360 இன் 85 ஆம் மாதிரி அதனை வியாபார இயந்திரத்திலே நிறைவேற்றிற்று. அதன் செயலிக்கு ஒரு துடிப்பு 80 நானோ செக்கன். பிரதான நினைவகமோ ஒருமுறை விடையளிக்க ஏறக்குறைய 1 மைக்குரோ செக்கன் எடுத்தது. ஒரு முறை கேட்டுவிட்டுப் பன்னிரண்டு பதின்மூன்று துடிப்புக் காத்திருக்கும் செயலிக்கு, பக்கத்திலே 16 கிலோபைட்டுப் பதுக்கு நினைவகம் பேருதவியாயிற்று. ‘காஷ்’ என்னும் அதன் பெயர், ஒளித்துவைத்தல் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லடியாக வந்தது. தமிழிலே ‘பதுக்கு’ என்பது நல்ல பெயர்ப்பே. எனினும் 2022 ஆம் ஆண்டிலே எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நமக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் வேறு முகங்கள் நினைவுக்கு வருதலும் இயல்பே.

பதுக்கு நினைவகம் பயன் தருவது இரண்டு இயல்புகளால். இப்பொழுது தொட்டதை விரைவிலே மீண்டும் தொடுவோம் என்பது ஒன்று. இதனைத் தொட்டால் இதன் அயலையும் தொடுவோம் என்பது மற்றொன்று. இரண்டாம் இயல்பை நம்பி, 85 ஆம் மாதிரி ஒரு பைட்டைக் கேட்டால் 64 பைட்டை ஒருசேரக் கொண்டுவரும். நூல்நிலையத்திலே ஒரு புத்தகம் கேட்டவர்க்கு அத்தட்டு முழுவதையும் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும் நூலகரை ஒத்தது இது. அம்மாதிரியிலே மேசை ஒன்றே. அறிவுறுத்தலுக்கும் தரவுக்கும் பொதுவானது. ஆகையால் அறிவுறுத்தலோடு ஒட்டி நின்ற தரவும் அதே தட்டிலே சேர்ந்து வந்தது. நாலாயிரம் பைட்டுக் கட்டுப்பாட்டுக்காகக் கிட்ட வைத்தது, இங்கே தற்செயலாக வேகத்துக்கும் நன்றாய் அமைந்தது. ‘அண்மையே நன்று’ என்னும் வழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் செயலி மேலும் விரைந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அடுத்த அறிவுறுத்தலையும் எடுக்க வேண்டும், முன்னை அறிவுறுத்தலுக்குரிய தரவையும் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஒரே வாயிலிலே இரு கூட்டமும் நெருக்குண்டன. எனவே மேசை இரண்டாயிற்று. 2000 ஆம் ஆண்டு வெளிவந்த இசட் 900 இலே அறிவுறுத்தலுக்கு ஒரு பதுக்கு நினைவகமும் தரவுக்கு வேறொன்றும் உள. 2022 இல் வெளிவந்த இசட் 16 இலே ஒவ்வொரு கருவிலும் அறிவுறுத்தலுக்கு 128 கிலோபைட்டு, தரவுக்கு 128 கிலோபைட்டு; அதன் செயலி செக்கனுக்கு 520 கோடி முறை துடிக்கின்றது. இவ்வியந்திரங்களிலே ஒருசேரக் கொண்டுவரப்படும் தட்டு 256 பைட்டு. அதனை ‘வரி’ என்று வழங்குவாம். 256 இன் மடங்கான முகவரியிலே ஒவ்வொரு வரியும் தொடங்கும்.

இங்கேதான் கதை திரும்புகின்றது. வகுப்பறையொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியர் பாடநூலை உரக்க வாசிக்கின்றார். மற்றொருவர் வரவு இடாப்பிலே அடையாளமிடுகின்றார். பாடநூலுக்கு எத்தனை பிரதியும் இருக்கலாம். வாசிப்பதால் ஒன்றும் மாறுவதில்லை. இடாப்போ ஒன்றே, அதிலே எழுதுபவர் கையில் அது தனித்திருக்க வேண்டும். இரண்டும் இரு புத்தகமாயின் இருவரும் தத்தம் வேலையைத் தடையின்றிச் செய்வர். எவரோ ஒரு சிக்கனக்காரர் பாடநூலையும் இடாப்பையும் ஒரே அட்டைக்குள் கட்டிவிட்டார் என்று வையுங்கள். இடாப்பில் ஒரு அடையாளம் இட வேண்டுமென்றால், வாசிப்பவர் கையிலுள்ள பிரதி பறிக்கப்படும். ‘நீர் வாசித்த பக்கம் மாறியிருக்கவுங் கூடும்’ என்று அவருக்குச் சொல்லப்படும். அவர் மனத்திலே முன்கூட்டி வாசித்து வைத்த வரிகளையும் மறந்துவிட வேண்டும். எழுதியவர் எழுதி முடித்துக் கட்டைத் திருப்பிக் கொடுக்கும்வரை பாடம் நிற்கும். அடுத்த அடையாளத்துக்கு மறுபடியும் இதே கூத்து.

இயந்திரத்தினுள் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. அறிவுறுத்தல் இருக்கும் வரியிலேயே ஓர் எண்ணியும் இருந்து, அவ்வெண்ணியிலே செய்நிரல் எழுதுமாயின், தரவுப் பக்கம் அவ்வரியைத் தனியுரிமையாகக் கேட்கும். அறிவுறுத்தற் பக்கத்துப் பிரதி செல்லாததாக்கப்படும். முன்கூட்டி எடுத்து வரிசையில் நிறுத்திய அறிவுறுத்தல்கள் கொட்டப்பட்டு, எழுதியது முடிந்தபின் அவ்வரி அறிவுறுத்தற் பக்கத்துக்கு மீண்டும் கொண்டுவரப்படும். ஒரு துடிப்பில் முடிய வேண்டிய சிறு கூட்டலுக்குப் பல பத்துத் துடிப்புக்கள் வீணாகும். விடை பிழைப்பதில்லை, நேரமே வீணாகின்றது. பிழைத்தாலாவது எவரேனும் கவனித்திருப்பார்!

எழுதப்பட்டது வெறும் எண்ணிதானே, அறிவுறுத்தல் அன்றே, அதனை இயந்திரம் அறியாதோ எனின், அறியாது. அது வரி வரியாகவே பார்க்கின்றது; 256 பைட்டுள் எது எண்ணி, எது அறிவுறுத்தல் என்பது அதற்குப் புலப்படாது. அன்றியும், தன்னைத் திருத்தும் கிளையை முன்னர்க் கூறினேனல்லவா? திருத்திய மறுகணமே அத்திருத்தம் செல்லுபடியாக வேண்டும் என்பது 1964 இன் ஒப்பந்தம். அன்று எழுதிய செய்நிரல்கள் பல இன்றும் ஓடுகின்றன. பாட்டன் கொடுத்த வாக்கைப் பேரன் காப்பதுபோல, இன்றைய செயலி அவ்வொப்பந்தத்தைக் காக்கின்றது. அதற்குரிய விலை காத்திருப்பு. வேறு சில செயலிக் குடும்பங்கள் இவ்வாக்கைக் கொடாது, செய்நிரலே அறிவித்தல் வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டன. என் மதிப்பீட்டிலே ஐ.பி.எம். இயந்திரத்தின் பெருமை இவ்வாக்குத் தவறாமையிலேதான் உளது. அதன் சுமையும் அங்கேதான் உளது.

எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். மாணவர் பென்சிலை எடுக்க. செய்நிரலொன்று 256 இன் மடங்கான முகவரியிலே ஏற்றப்பட்டதாகக் கொள்க. அதன் தொடக்கத்திலிருந்து எண்ணும்போது, ஒவ்வொரு கணக்குப் பதிவையும் பரிசோதிக்கும் ஒரு சுழற்சி 2832 ஆம் இடத்திலே தொடங்கி 2920 இலே முடிகின்றது. அதனுள்ளே ‘எத்தனை பதிவு பார்த்தோம்’ என்னும் எண்ணி ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடுகின்றது. நான்கு பைட்டு எண்ணி அது. இருப்பது 2936 இலே. 11 ஐ 256 ஆற் பெருக்க 2816. ஆகவே 2816 தொடக்கம் 3071 வரை ஒரே வரி. சுழற்சி முழுவதும் எண்ணியும் அவ்வொரு வரிக்குள்ளேயே அகப்பட்டன. பதிவு பத்து இலட்சமாயின், மேற்கூறிய பறித்தலும் கொடுத்தலும் பத்து இலட்சம் முறை நிகழும். எண்ணியை 3400 க்கு நகர்த்துக. அது 13 ஆம் மடங்கிலே, 3328 தொடக்கம் 3583 வரையுள்ள வரியிலே அமையும். அவ்வரியில் அறிவுறுத்தல் எதுவும் இல்லையாயின் சண்டை ஓய்ந்தது. 3080 க்கு நகர்த்தினாற் போதாதோ? வரி வேறுதான். ஆனால் செயலி அடுத்துத் தேவைப்படும் என்று ஊகித்து அயல் வரியையும் முன்கூட்டி அறிவுறுத்தற் பக்கத்துக்கு இழுக்கவல்லது. சுழற்சிக்குப் பின்வரும் அறிவுறுத்தலும் அங்கே இருக்கலாம். ஆதலால் கடைசி அறிவுறுத்தலுக்கும் எழுதப்படும் முதற் தரவுக்கும் இடையிலே 256 பைட்டுக்குக் குறையாத வெளியும், இயலுமாயின் அதனினும் கூடிய வெளியும் விடுதல் நன்று.

காப்பிடத்தின் கதை இன்னும் நுட்பமானது. செய்நிரலின் தலையிலே அறிவுறுத்தலோடு ஒட்டி இருக்கும் காப்பிடத்திலே எழுதுவது அச்செய்நிரலன்று, அது அழைத்த மற்றொன்று. அழைக்கப்பட்டது நுழைந்தவுடன் 15 பதிவகங்களை, அதாவது 60 பைட்டை, அழைத்தவனுடைய வரியிலே எழுதுகின்றது. வேலை முடிந்து திரும்பி வந்தால், அழைத்தவனது அறிவுறுத்தல் வரி இடம்பெயர்ந்து கிடக்கின்றது. குற்றம் செய்தவன் ஓரிடம், தாமதம் தெரிவது வேறிடம். நேரத்தை அளந்து பார்ப்பவர் தாமதம் தெரிந்த இடத்தையே நாள்முழுதும் துருவிக்கொண்டிருப்பர்.

இனி மாறாத தரவு. வட்டி வீதம், மாதங்களின் பெயர், நூறு என்னும் எண் முதலியவை எழுதப்படுவதில்லை, வாசிக்கப்படுவன மாத்திரமே. இவற்றை அறிவுறுத்தலுக்கு அருகில் வைத்தால் பறித்தல் நேராது. அதே வரி இரண்டு மேசையிலும் பிரதியாக இருக்கும். இடம் சற்று வீணாகும், அவ்வளவே. அவற்றைச் செய்நிரலின் முடிவிலே ஒரு தொகுதியாகச் சேர்த்து வைப்பதே போதிய ஒழுங்கு. சிறு மாறிலியாயின், அதனை நினைவகத்திலே வைக்காது அறிவுறுத்தலின் உள்ளேயே எழுதிவிடும் வசதி பிற்கால இயந்திரங்களிலே பெருகியுள்ளது. இதனினும் நெருங்கிய அண்மை வேறில்லை, தீங்கும் இல்லை. ஆகவே தரவு யாவற்றையும் தூரத்தில் வை என்று ஒருவர் சொல்வாராயின் அவர் பாதியே கற்றவர். வாசிப்பது அருகில் இருக்கலாம். எழுதுவது விலகி இருக்க வேண்டும். அதிலும், தொடக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டு மறக்கப்படும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. சுழற்சிக்குள்ளே எழுதப்படுவதே நமது கவனத்துக்குரியது.

எழுதப்படும் தரவை விலக்கி வைக்கப் பல வழி உள. மிகச் சிறந்தது மீள்நுழைவுச் செய்நிரல். அது தன் உடலுக்குள் ஒன்றும் எழுதாது. வேண்டிய இடத்தை இயங்குதளத்திடம் கேட்டுப் பெற்று அங்கே எழுதும். பலர் ஒரே பிரதியை ஒரே வேளையிற் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக 1960 களிலேயே இவ்வழி வகுக்கப்பட்டது. அக்காரணத்துக்காக அன்று சிரமப்பட்டு எழுதியவர், நாற்பதாண்டு கழித்து வந்த இவ்விடையூற்றிலிருந்து தாம் அறியாமலே தப்பினர். இன்னொரு வழி, எண்ணியைச் சுழற்சி முடியும்வரை பதிவகத்திலேயே வைத்திருந்து, இறுதியிலே ஒருமுறை மாத்திரம் நினைவகத்தில் எழுதுவது. முன்னாளில் இதற்குப் பதிவகம் கிடையாது. இன்று, நின்ற இடத்திலிருந்தே தூரம் எண்ணும் கிளை அறிவுறுத்தல்கள் வந்துவிட்டமையால் அறிவுறுத்தலுக்கெனக் கோயிலடிப் பதிவகம் வேண்டுவதில்லை. 2003 இல் வந்த இசட் 990 இலே தூரம் 20 இருமவிலக்கமாக நீண்டு, முன்னும் பின்னும் ஐந்து இலட்சம் பைட்டுக்கு மேல் எட்டுகின்றது. பழைய நெருக்கத்தை உண்டாக்கிய 4096 என்னும் வேலி அவற்றுக்கு இல்லை. வேலி போனபின்பும் வீடுகள் ஒட்டியே நிற்பது பழக்கத்தால்.

மூன்றாவது வழியே தமிழாசிரியனாகிய என்னைப் பெரிதும் கவர்ந்தது. எண்ணியைத் தூரத்திலே வைத்தால் செய்நிரலை வாசிக்கும் மனிதனுக்கு இடர். பத்தாம் பக்கத்திலே அறிவுறுத்தல், நாற்பதாம் பக்கத்திலே அது தொடும் எண்ணி. வாசிப்பவன் முன்னும் பின்னும் புரட்டிக் களைப்பான். மனிதனுக்கு அண்மைநிலை வேண்டும், இயந்திரத்துக்குச் சேய்மை வேண்டும். இரண்டும் கூடுமா? கூடும். ஐ.பி.எம். அசெம்பிளரிலே எல்.ஓ.சி.ரி.ஆர். என்றொரு கட்டளை உளது. அது செயலிக்கு உரியதன்று. எழுத்தை இயந்திர மொழியாக்கும் அசெம்பிளருக்கே உரியது. எண்ணியை அதனைப் பயன்படுத்தும் அறிவுறுத்தலின் பக்கத்திலேயே எழுதி, அதன் முன்னே இக்கட்டளையாற் ‘தரவு’ என ஒரு பெயரிட்டும், பின்னே ‘அறிவுறுத்தல்’ என வேறு பெயரிட்டும் விட்டால், அசெம்பிளர் ‘தரவு’ எனப்பட்டவற்றையெல்லாம் பொறுக்கி ஓரிடத்திலும், ‘அறிவுறுத்தல்’ எனப்பட்டவற்றை வேறோரிடத்திலும் அடுக்கும். எழுத்திலே அடுத்து நிற்பவை நினைவகத்திலே பிரிந்து நிற்கும்.

பொருள்கோள் எட்டனுள் கொண்டுகூட்டு என்பதை நினைத்துக்கொண்டேன். செய்யுளிலே பல அடிகளிற் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கு ஏற்ற இடத்திலே கொண்டு சேர்ப்பது அது. அங்கே ஏட்டிலே பிரிந்தது பொருளிலே கூடும். இங்கே ஏட்டிலே கூடியது நினைவகத்திலே பிரியும். தலைகீழான கொண்டுகூட்டு என்று சொன்னேன். மாணவர் சிரித்து, “இதை எங்கள் கைந்நூலில் எழுத முடியாதே, சேர்” என்றார்.

அவருடைய வங்கிச் செய்நிரலுக்கு நேர்ந்ததும் மேலே கணக்கிற் காட்டியது போன்றதே. புதிய இயந்திரம் வந்தும் எதிர்பார்த்த வேகம் அந்த ஒரு செய்நிரலுக்கு மாத்திரம் கிட்டவில்லை. இயந்திரத்தைக் குறை கூறினர் சிலர். அதனை முழுவதும் வேறு மொழியிலே திருப்பி எழுத வேண்டும் என்றனர் வேறு சிலர். அப்படிச் செய்வதாயின் ஆண்டுக்கணக்கான வேலையும் புதுப் பிழைகளும் வந்து சேரும். அச்செய்நிரலை அறிந்தவர் இருவர் மூவரே எஞ்சியிருந்தனர். அவர் அசெம்பிளர் அச்சிட்ட பட்டியலை எடுத்து, இடப்பக்கத்து முகவரி நிரலை மாத்திரம் விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். சுழற்சியும் எண்ணியும் ஒரே வரிக்குள் இருப்பது மூன்றாம் நாளிலே அகப்பட்டது. நான்கு பைட்டுக்கள்.

அந்த எண்ணியின் மேலே, அதனை 1970 களிலே எழுதிய ஒருவர் ஒரு குறிப்பும் இட்டிருந்தாராம்: இதனை இங்கிருந்து நகர்த்தற்க, எட்டாது போய்விடும் என்று. எழுதியவர் பெயர் இல்லை. நாலாயிரம் பைட்டு வேலிக்குள் இடம் போதாது அவர் பட்ட பாடு அவ்வொரு வாக்கியத்திலே தெரிந்தது. என் மாணவர் அக்குறிப்பை அழிக்கவில்லை. எண்ணியை எழுத்திலே இருந்த இடத்திலேயே விட்டு, முன்னும் பின்னும் எல்.ஓ.சி.ரி.ஆர். கட்டளை ஒவ்வொன்று சேர்த்து, பழைய குறிப்பின் கீழே தம் குறிப்பை இட்டார்: அறிவுறுத்தல் வரியிலிருந்து பிரிப்பதற்காக நினைவகத்தில் மாத்திரம் நகர்த்தப்பட்டது, இப்பொழுது எட்டும். கீழே ஆண்டையும் தம் பெயரின் முதலெழுத்துக்களையும் எழுதினார்.